ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பர்களுக்கான பணி ஒப்பந்த வழிகாட்டி: கொட்டேஷனிலிருந்து கடைசித் தவணை வரை

இணையதளம் செய்து தரும் ஃப்ரீலான்ஸ் டெவலப்பருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறுகள் பெரும்பாலும் பணத்தில் போய் முடிகின்றன என்றாலும், அவை பணத்தில் தொடங்குவதில்லை. எது வேலை, அது எப்போது முடிந்தது, முடிந்தபின் எது யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் இருவரும் ஆளுக்கொரு விதமாக மனத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதே அடிப்படைக் காரணம். ஆகவே ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை எந்த வரிசையில் பேசி எழுதுகிறோம் என்பது முக்கியமாகிறது. விலை இங்கே 5ஆவது படியாக வருவதற்கும் அதுவே காரணம்: அதற்கு முந்தைய நான்கும் தெரியாமல் சொல்லப்படும் விலை வெறும் ஊகம்.

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கரூரில் போர்வை, மேசைவிரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் ஒரு குடும்ப நிறுவனம், உள்நாட்டு விற்பனைக்காக ஆன்லைன் ஆர்டர் வசதியுடன் ஓர் இணையதளம் கேட்கிறது. கட்டணம் 1,20,000 ரூபாய். இங்கே சொல்லப்படும் சட்ட விவரங்கள் அனைத்தும் இந்தியாவுக்குரியவை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பான் எண், அதே பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, தொடர் எண்ணிட்ட இன்வாய்ஸ் படிவம், உங்கள் சொந்தக் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு ஸ்டேஜிங் சர்வர் (தளத்தைத் திறக்கும் முன் வாடிக்கையாளருக்குக் காட்டும் சோதனைச் சர்வர்) ஆகிய நான்கும் கட்டாயம். ஸ்டேஜிங் சர்வரை இந்தப் பட்டியலில் சேர்த்ததற்கான காரணம் 7ஆம் படியில் விளங்கும்.

ஐந்தாவதாக, உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. அரசு இணையதளத்தில் ஆதார், பான் விவரங்களைக் கொண்டு கட்டணம் இல்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. இந்தப் பதிவு இருந்தால், பணம் தாமதமாகும்போது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். பணம் வராமல் போன பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், ஒப்பந்தம் செய்த நாளில் நீங்கள் பதிவு பெற்றிருக்கவில்லை என்ற வாதத்துக்கு இடம் கொடுத்துவிடுவீர்கள். ஆகவே முதல் கொட்டேஷனுக்கு முன்பே பதிவை முடித்து, அந்த எண்ணைக் கொட்டேஷனிலும் இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள்.

1. யாருடன் ஒப்பந்தம், யார் முடிவெடுப்பவர்

தொலைபேசியில் பேசியவர் ஒருவர், பணம் அனுப்புபவர் இன்னொருவர், நிறுவனம் மூன்றாமவர் பெயரில் இருப்பது நம் ஊரில் வழக்கமான நிலை. வாடிக்கையாளர் தனிநபர் உரிமையாளரா, கூட்டு நிறுவனமா, பிரைவேட் லிமிடெட் கம்பெனியா என்பதைக் கேட்டு, ஜி.எஸ்.டி. சான்றிதழில் உள்ள பெயரையும் முகவரியையும் அப்படியே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடைப் பெயர்ப் பலகையில் உள்ள பெயர் சட்டப்பூர்வப் பெயராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்வாய்ஸ் தவறான பெயரில் போனால், கணக்குப் பிரிவு அதைத் திருப்பி அனுப்புவதிலேயே ஒரு மாதம் கழிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது, ஒப்புதல் தரும் அதிகாரம் யாருக்கு என்பது. குடும்ப நிறுவனங்களில் இளையவர் ஆர்வத்தோடு மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துச் சரி சொல்வார். கடைசி வாரத்தில் பெரியவர் ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கலர் நமக்கு ஆகாது, முதலில் இருந்து மாற்றச் சொல்லு" என்பார். இளையவரால் மறுத்துப் பேச முடியாது. உங்களிடம் இருப்பதோ அவர் கொடுத்த ஒப்புதல் மட்டுமே. எனவே, "வடிவமைப்பு, உள்ளடக்கம், இறுதி ஒப்படைப்பு ஆகிய மூன்றுக்கும் இன்னார் மட்டுமே ஒப்புதல் தருவார், அவர் மின்னஞ்சலில் தந்த ஒப்புதல் நிறுவனத்தின் ஒப்புதலாகக் கொள்ளப்படும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெரியவரை முதல் வடிவமைப்புக் கூட்டத்திலேயே உட்காரவைப்பது அந்த வரியைவிடவும் நல்லது.

2. வேலையின் எல்லையை எண்ணிக்கையில் எழுதுதல்

"முழுமையான இ-காமர்ஸ் இணையதளம்" என்று எழுதப்பட்ட கொட்டேஷன் எதையும் சொல்லவில்லை. எல்லையை எண்ணக்கூடிய பொருட்களாக எழுத வேண்டும். புதியவர்கள் பக்கங்களின் எண்ணிக்கையை எழுதுகிறார்கள். எழுத வேண்டியது வடிவமைப்பு வார்ப்புகளின் (பல பக்கங்களுக்குப் பொதுவான டெம்ப்ளேட்களின்) எண்ணிக்கை. முகப்பு, பொருள் வகைப் பட்டியல், தனிப் பொருள், கூடை, பணம் செலுத்தும் பக்கம், பொதுத் தகவல் பக்கம் என ஆறு வார்ப்புகள் இருந்தால், அந்த ஆறிலிருந்து எழும் பக்கங்கள் நூறானாலும் உங்கள் வடிவமைப்பு வேலை ஒன்றுதான். ஆனால் அந்த நூறு பக்கங்களில் விவரம் ஏற்றுவது தனி வேலை. கரூர் நிறுவனத்துக்கு, "முதல் 40 பொருட்களை நாங்கள் ஏற்றுவோம், மீதியை ஏற்றும் முறையை உங்கள் ஊழியர் ஒருவருக்கு இரண்டு மணி நேரம் பயிற்சியாகத் தருவோம்" என்று எழுதினால் போதும்.

தமிழ் உள்ளடக்கம் இருந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. அச்சகத்தில் இருந்து வரும் பழைய விளம்பரத் தாள்களின் தமிழ் உரை பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அதை நகலெடுத்து ஒட்டினால் இணையத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு, அதாவது இணையத்துக்கான பொது எழுத்துமுறைக்கு, மாற்றும் கருவிகள் இருந்தாலும், மாற்றியபின் வரிவரியாகப் பிழை திருத்தம் பார்த்தே ஆக வேண்டும். "தமிழ் உரை யூனிகோடில் தரப்பட வேண்டும், இல்லையெனில் மாற்றும் வேலைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு" என்ற நிபந்தனை இல்லாவிட்டால் அந்த வேலை முழுவதும் இலவசமாக உங்கள் தலையில் விழும்.

எல்லைக்குள் வராதவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: லோகோ வடிவமைப்பு, புகைப்படம் எடுத்தல், மொழிபெயர்ப்பு, கூகுள் தேடலில் முன்னிலைக்குக் கொண்டுவருதல், சமூக ஊடகப் பதிவுகள், டேலி கணக்கு மென்பொருளோடு இணைத்தல். எழுதாமல் விட்டதை வாடிக்கையாளர் உள்ளே இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது; வீடு கட்டச் சொன்னவர் குழாய் இணைப்பும் சேர்ந்துதான் என்று நினைப்பது போன்றது அது.

3. வாடிக்கையாளர் தர வேண்டியவையும் அவற்றுக்கான நாட்களும்

திட்டம் தாமதமாவதற்கு உள்ளடக்கம் வராததே முதன்மைக் காரணம் என்பது இந்தத் தொழிலில் ஆறு மாதம் இருந்தவருக்குக்கூடத் தெரியும். ஆனாலும் கொட்டேஷனில் டெவலப்பரின் கெடு மட்டுமே எழுதப்படுகிறது. வாடிக்கையாளர் தர வேண்டிய புகைப்படங்கள், விலைப்பட்டியல், நிறுவன அறிமுக உரை, லோகோ மூலக் கோப்பு ஆகியவற்றுக்கும் தேதி போட வேண்டும். "இவை வந்துசேரும் நாள் எத்தனை நாள் தள்ளிப்போகிறதோ, ஒப்படைக்கும் நாளும் அத்தனை நாள் தள்ளிப்போகும்" என்பது அடுத்த வரி.

பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அந்தக் கணக்கு வாடிக்கையாளரின் பான், வங்கிக் கணக்கு, வணிகச் சான்றுகள் ஆகியவற்றின் கே.ஒய்.சி. சரிபார்ப்புக்குப் பிறகே திறக்கும். தளத்தில் விற்பனை விதிமுறைகள், தனியுரிமைக் கொள்கை, ஆர்டர் ரத்து மற்றும் பணம் திருப்பித் தரும் விதி, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் கேட்வே நிறுவனங்கள் பார்க்கின்றன. அந்த உரைகளை எழுதித் தர வேண்டியவர் வாடிக்கையாளர். விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே அவர் பெயரில் தொடங்கச் செய்யுங்கள்; கேட்வே ஒப்புதல் கிடைப்பதை உங்கள் எந்தத் தவணைக்கும் நிபந்தனையாக வைக்காதீர்கள். உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்காக உங்கள் பணம் காத்திருக்கக் கூடாது.

4. "முடிந்தது" என்பதற்கான வரையறை

இந்த ஒரு படியைச் சரியாக எழுதினால், மற்றவற்றில் உள்ள குறைகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததா என்பதை ஒருவருடைய திருப்தியைக் கொண்டு அளக்க முடியாது. திருப்திக்கு எல்லை இல்லை. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக ஒரு சோதனைப் பட்டியல் எழுதி, அது நிறைவேறினால் வேலை முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

கரூர் எடுத்துக்காட்டில் அந்தப் பட்டியல் இப்படி இருக்கலாம்: ஒரு பொருளைக் கூடையில் சேர்த்து, கேட்வேயின் சோதனை முறையில் பணம் செலுத்த முடிகிறது, ஆர்டர் விவரம் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு வருகிறது, குரோம், சஃபாரி உலாவிகளின் இப்போதைய பதிப்புகளிலும், ஓர் ஆண்ட்ராய்டு போனிலும் ஒரு ஐபோனிலும் ஆறு வார்ப்புகளும் சிதையாமல் தெரிகின்றன, அட்மின் பக்கத்தில் புதிய பொருளைச் சேர்க்கவும் விலையை மாற்றவும் முடிகிறது. "எல்லா போன்களிலும்" என்று எழுதினால், வாடிக்கையாளரின் மாமனார் வைத்திருக்கும் எட்டு ஆண்டுப் பழைய போனும் அதில் அடங்கிவிடும்.

அடுத்து, பார்வையிடும் காலம். ஸ்டேஜிங் முகவரியை மின்னஞ்சலில் அனுப்பிய நாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் குறைகளை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். இதைக் கடுமையான நிபந்தனை என்று தயங்க வேண்டாம். மேலே சொன்ன 2006ஆம் ஆண்டுச் சட்டமே, சேவை வழங்கிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான ஆட்சேபம் வராவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கருதுகிறது. பணம் தர வேண்டிய கெடு அந்த ஏற்பு நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால், ஒப்படைப்பு மின்னஞ்சலில் தேதியும் "இது இறுதி ஒப்படைப்பு" என்ற சொற்களும் இருப்பது அவசியம். வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பி "பார்த்துட்டுச் சொல்லுங்க சார்" என்று எழுதுவது ஒப்படைப்பு ஆகாது.

5. கட்டணம், தவணை, வரி

தவணைகளைப் பிரிக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எந்த நாளில் வேலை நின்றுபோனாலும், அதுவரை செய்த வேலைக்கும் அதுவரை வந்த பணத்துக்கும் இடையே உள்ள பள்ளம் உங்களால் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். 1,20,000 ரூபாய்க்கு, கையெழுத்தின்போது 40 சதவீதம் (48,000), வடிவமைப்பு ஒப்புதலின்போது 30 சதவீதம் (36,000), லைவ் செய்வதற்கு (தளத்தைப் பொதுவில் திறப்பதற்கு) முன் 30 சதவீதம் (36,000) என்பது பொருத்தமான பிரிவு. "அட்வான்ஸ் 10,000, மீதி முடிந்ததும்" என்று ஒப்புக்கொள்பவர் உண்மையில் வாடிக்கையாளருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்.

கடைசித் தவணை "லைவ் செய்த பின்" என்று இருக்கக் கூடாது. இதற்குக் குறுக்கே வருவது நல்ல நாள். விஜயதசமியன்றோ அட்சய திருதியையன்றோ தளத்தைத் திறக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்வார், அந்த நாள் நெருங்கும்போது பணத்தைப் பற்றிப் பேசினால் அபசகுனம் போல ஆகிவிடும், தளம் திறந்துவிடும், தவணை நின்றுவிடும். ஆகவே திறப்பு நாளைத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதிக்கொண்டு, கடைசித் தவணை அதற்கு இரண்டு வங்கி வேலை நாட்களுக்கு முன் வந்துசேர வேண்டும் என்று தேதியாகவே குறித்துவிடுங்கள்.

இனி வரி. சேவை வழங்குபவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும்போது தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பதிவு செய்யாதவர் ஜி.எஸ்.டி. என்ற பெயரில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு செய்தவர் 18 சதவீதம் சேர்க்க வேண்டும். சேவைகளைப் பொறுத்தவரை முன்பணம் வரும்போதே அதற்கான வரிப் பொறுப்பும் வந்துவிடுவதால், 48,000 ரூபாய் தவணையை 8,640 ரூபாய் வரியுடன் சேர்த்தே கேட்க வேண்டும். கொட்டேஷனில் "ஜி.எஸ்.டி. தனி" என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால், சொன்ன தொகையில் வரியும் அடக்கம் என்று வாடிக்கையாளர் வாதிடுவார்.

வாடிக்கையாளர் கம்பெனியாகவோ பெரிய விற்றுமுதல் கொண்ட வணிகமாகவோ இருந்தால் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டே பணம் அனுப்புவார். உங்கள் வேலையைத் தொழில்நுட்பச் சேவை என்று அவருடைய ஆடிட்டர் எடுத்துக்கொண்டால் 2 சதவீதம். தொழில்முறைச் சேவை என்று எடுத்துக்கொண்டால் 10 சதவீதம். 1,20,000 ரூபாயில் இது 2,400க்கும் 12,000க்கும் இடையிலான வேறுபாடு. பணம் தொலைந்துபோகாது, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் கையில் வரும் ரொக்கம் குறைவதால், விகிதம் என்ன என்பதை முன்பே கேட்டுவையுங்கள். இன்வாய்ஸில் ஜி.எஸ்.டி.யைத் தனி வரியாகக் காட்டியிருந்தால் டி.டி.எஸ். அடிப்படைத் தொகையின்மீது மட்டுமே கணக்கிடப்பட வேண்டும். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்த தொகை வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பார்ப்பது உங்கள் பொறுப்பு.

டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), கட்டண பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருட்கள்) ஆகியவற்றின் செலவு உங்கள் கட்டணத்துக்குள் வரக் கூடாது. அவற்றை வாடிக்கையாளரின் அட்டையிலேயே வாங்கச் செய்யுங்கள்.

6. திருத்தங்களும் கூடுதல் வேலையும்

வடிவமைப்புக்கு இரண்டு சுற்றுத் திருத்தம் என்று எழுதினால் மட்டும் போதாது; சுற்று என்றால் என்ன என்றும் எழுத வேண்டும். "ஒரே மின்னஞ்சலில் தொகுத்துத் தரப்படும் திருத்தங்கள் ஒரு சுற்று" என்று சொல்லாவிட்டால், பதினைந்து நாட்களில் நாற்பது வாட்ஸ்அப் குரல் செய்திகள் வரும். அவை எல்லாம் முதல் சுற்றுதான் என்பார்கள்.

எல்லைக்கு வெளியே ஒன்றைக் கேட்கும்போது மறுப்பதைவிட விலை சொல்வது எளிது. "தம்பி, சின்ன வேலைதானே, மொத்த வியாபாரிகளுக்குத் தனி விலை காட்டுகிற மாதிரி ஒன்று சேர்த்துவிடுங்கள்" என்று அழைப்பு வந்தால், அன்றே இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

"ஐயா, மொத்த வியாபாரிகளுக்குத் தனி விலை காட்டும் வசதி இன்று தொலைபேசியில் கேட்கப்பட்டது. இது பின்னிணைப்பு 1இல் இல்லை. இதற்கு 14 மணி நேர வேலை, கட்டணம் 11,200 ரூபாய், ஒப்படைப்பு நாள் 4 வேலை நாட்கள் தள்ளிப்போகும். ஒப்புதல் அனுப்பினால் தொடங்குகிறோம். இல்லையெனில் முந்தைய எல்லைப்படியே தொடர்கிறோம்."

இதில் தொகை, நாள், பதில் வராவிட்டால் என்ன என்ற மூன்றும் இருக்கின்றன. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பதிலுக்காகக் காத்திருந்து வேலை முழுவதும் நின்றுபோகிறது. மணிக்கட்டணம் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் (இங்கே 800 ரூபாய்), தொகையைப் பற்றிய பேரமும் எழாது.

7. டொமைன், ஹோஸ்டிங், கணக்குகள்

டொமைன் முதல் நாளிலிருந்தே வாடிக்கையாளரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று உங்கள் கணக்கில் வாங்கினால், புதிதாகப் பதிவு செய்த .காம் டொமைனை முதல் 60 நாட்களுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவது பொதுவாக இயலாது. அதற்கு மேலும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொறுப்பு உங்களிடமே தங்கிவிடும். நீங்கள் மறந்து அது காலாவதியானால் அவருடைய மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்து நின்றுபோகும்.

அவர் பெயரில் பதிவு செய்தபின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். .காம் போன்ற டொமைன்களுக்கு, உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்பு இணைப்பு வரும். 15 நாட்களுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைன் முடக்கப்படும். வாடிக்கையாளர் அந்த ஆங்கில மின்னஞ்சலை மோசடி என்று நினைத்து அழித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பதிவு செய்த அன்றே அவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, அந்த இணைப்பை அழுத்தவைத்துவிடுங்கள்.

ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே, கூகுள் கணக்குகள் ஆகியவற்றில் உங்களுக்குத் தனிப் பயனராக அனுமதி கேளுங்கள். வாடிக்கையாளரின் சொந்தக் கடவுச்சொல்லை வாங்காதீர்கள். பிற்காலத்தில் ஏதாவது தவறு நடந்தால், யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவு உங்களைக் காப்பாற்றும்.

இனி ஸ்டேஜிங் சர்வர். கடைசித் தவணை வரும்வரை தளம் உங்கள் சர்வரில்தான் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் ஹோஸ்டிங்கில் ஏற்றிவிட்டு, பணம் வரவில்லை என்று உள்ளே புகுந்து தளத்தை முடக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சிலர் இதற்கென்றே குறியீட்டில் ஒரு மறைவிசையை வைக்கிறார்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினி அமைப்பைச் சீர்குலைப்பதும் அணுகலைத் தடுப்பதும் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கும், 66ஆம் பிரிவில் தண்டனைக்கும் வழிவகுக்கும். உங்களுக்குப் பணம் தர வேண்டியவர் உங்கள்மீதே புகார் கொடுக்கும் நிலை அது. தராமல் வைத்திருப்பது வேறு, தந்ததைப் பறிப்பது வேறு. முதலாவதற்கு உங்கள் சர்வரே போதும்.

8. பதிப்புரிமை

பணம் கொடுத்தவருக்கே எல்லாம் சொந்தம் என்று வாடிக்கையாளரும், எழுதியவருக்கே சொந்தம் என்று டெவலப்பரும் நினைத்துக்கொள்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது. ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சேரும். ஆனால் ஃப்ரீலான்ஸர் ஊழியர் அல்லர் என்பதால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, முதல் உரிமையாளர் அவரே. உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில், மாற்றித் தருபவரின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும்.

அதே பிரிவில் நேர்மையான டெவலப்பரும் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு வரிகள் உள்ளன. காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. வெளிநாட்டுக் கொள்முதலாளர்களும் பார்க்கக்கூடிய கரூர் நிறுவனத்தின் தளத்துக்கு இது போதாது. எனவே, "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்" என்ற சொற்களை எழுதியே தாருங்கள். கேட்டால் தருவோம் என்று காத்திருப்பது அழகல்ல.

எதை மாற்றித் தருகிறோம் என்பதை மூன்றாகப் பிரியுங்கள். இந்தத் தளத்துக்கென்றே செய்த வடிவமைப்பும் நிரலும் வாடிக்கையாளருக்கு முழுமையாக மாறும். பல திட்டங்களில் நீங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உங்கள் சொந்த நிரல் துண்டுகள் உங்களிடமே இருக்கும். வாடிக்கையாளருக்கு இந்தத் தளத்தில் காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமம் மட்டும். வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மூல மென்பொருட்கள் அவற்றின் சொந்த உரிமத்தின்கீழ் வருபவை. உங்களுடையதல்லாததை நீங்கள் மாற்றித் தர முடியாது. மூன்றாவதை எழுதாமல் "தளத்தின் அனைத்து உரிமைகளும்" என்று கையெழுத்திட்டால் பொய் வாக்குறுதி கொடுத்தவர் ஆகிறீர்கள்.

இந்த மாற்றம் எப்போது நடக்கிறது என்பதற்கு ஒரே விடை: முழுத் தொகையும் வங்கியில் சேர்ந்த நாளில். வாடிக்கையாளர் தரும் படங்கள் அவருக்கு உரிமை உள்ளவைதாம் என்ற உறுதியையும் ஒப்பந்தத்தின் இதே பகுதியில் வாங்குங்கள். கூகுளில் தேடி எடுத்த படங்கள் ஏராளமாக வரும்.

9. ஒப்படைத்தபின்: பிழைநீக்கமும் பராமரிப்பும்

ஏற்பு நாளிலிருந்து 30 நாட்களுக்குப் பிழைநீக்கம் இலவசம் என்பது நியாயமானது. பிழை என்பது பின்னிணைப்பில் உள்ள சோதனை ஒன்று தோல்வியடைவது. புதிய விருப்பம் பிழையாகாது. வாடிக்கையாளரோ மூன்றாமவரோ நிரலைத் தொட்டபின் வரும் கோளாறுக்கு இது பொருந்தாது.

அதற்குப் பிந்தைய காலத்துக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் தனியாக எழுதப்பட வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு, காப்பு நகல், மாதத்துக்கு இத்தனை மணி நேரச் சிறு மாற்றம், எத்தனை மணி நேரத்துக்குள் பதில் ஆகியவை அதில் இருக்கும். வாடிக்கையாளர் பராமரிப்பு வேண்டாம் என்றால், அதையும் ஒரு மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டு புதுப்பிக்காத பிளகின் வழியாகத் தளம் ஹேக் ஆகும்போது முதல் அழைப்பு உங்களுக்குத்தான் வரும்.

10. நிறுத்தமும் முறிவும்

வாடிக்கையாளர் காணாமல் போவது, சண்டையிட்டுப் பிரிவதைவிட அதிகம் நிகழ்கிறது. 30 நாட்கள் பதில் இல்லையென்றால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகும். அதுவரை செய்த வேலைக்கு இன்வாய்ஸ் எழும். மீண்டும் தொடங்கும்போது உங்கள் அட்டவணையில் இடம் இருக்கும் நாளிலிருந்தே தொடங்கும். இந்த மூன்று வாக்கியங்கள் போதும். இருவரில் யார் வேண்டுமானாலும் 15 நாள் முன்னறிவிப்புடன் விலகலாம் என்றும், அப்போது எது வரை பணம், எது வரை கோப்புகள் என்றும் சேர்த்துவிடுங்கள்.

பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவு அனுப்பும் ஒப்பந்தங்களில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, உங்கள் இழப்பீட்டுப் பொறுப்புக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்பது. இல்லையென்றால், நீங்கள் பெற்ற கட்டணத்தின் அளவுக்கு என்று கேட்டு வாங்குங்கள். மற்றொன்று, ஒப்பந்தம் முடிந்தபின் அதே துறையில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்ற தடை. தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகள் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாதவை என்றாலும், அந்த வரியை நீக்கச் சொல்லிவிடுவது பின்னாளைய தலைவலியைக் குறைக்கும்.

11. கையொப்பம்

மின்னணு வழியில் ஏற்பட்ட ஒப்பந்தம் என்பதற்காகவே அது செல்லாது என்று சொல்ல முடியாது எனத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு கூறுகிறது. எனவே சிறிய வேலைகளுக்கு, ஒப்பந்தத்தை பி.டி.எஃப். ஆக அனுப்பி, "இணைப்பில் உள்ள நிபந்தனைகளை ஏற்கிறோம்" என்ற பதிலை நிறுவன மின்னஞ்சலிலிருந்து பெறுவது நடைமுறைக்குப் போதுமானது. ஆனால் பதிப்புரிமை மாற்றப் பத்திரத்துக்குக் கையொப்பம் அவசியம். தொகை பெரிதானால் முழு ஒப்பந்தத்தையும் முத்திரைத்தாளில் அச்சிட்டு இருவரும் கையெழுத்திடுவது நல்லது. உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தாத ஆவணத்தை, அந்தக் கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டாமல் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கமாட்டார்கள்.

கையெழுத்தும் முதல் தவணையும் வந்தபின்தான் வேலை தொடங்க வேண்டும். "நாளைக்கு அனுப்பிவிடுகிறோம், நீங்கள் ஆரம்பியுங்கள்" என்ற வார்த்தைக்கு இணங்கி முகப்புப் பக்கத்தைச் செய்து காட்டியவர்களில் சிலர், அதே வடிவமைப்பை வேறொருவர் முடித்துக் கொடுத்த தளத்தில் பார்க்க நேர்ந்திருக்கிறது.

12. பணம் தாமதமானால் எடுக்க வேண்டிய நடவடிக்கைகள், வரிசையாக

கெடு நாளுக்கு மறுநாள் இன்வாய்ஸை இணைத்து ஒரு சாதாரண நினைவூட்டல் அனுப்புங்கள். பாதித் தாமதங்கள், கணக்காளரிடம் இன்வாய்ஸ் போய்ச் சேராததால் வருபவை. உரிமையாளரைவிடக் கணக்காளரை நேரடியாக அழைப்பது பலன் தரும்.

7 நாள் கழித்து, வேலை நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பு. இந்த உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அது உங்கள் தவறாகத் திரும்பாது.

அதன் பிறகு, உத்யம் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவுக்குள், எப்படியும் ஏற்பு நாளிலிருந்து 45 நாட்களுக்குள் தர வேண்டும். எழுத்தில் கெடு இல்லையென்றால் 15 நாட்கள். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி சேரும். வாடிக்கையாளரின் ஆடிட்டருக்கு இதைவிட உறைக்கும் செய்தி ஒன்று உண்டு: 2023-24 நிதியாண்டு முதல், இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் இந்தக் கடிதம் நன்றாக வேலை செய்கிறது.

அதற்கும் பதில் இல்லையென்றால், இதற்கான அரசு இணையதளம் வழியாக, குறு, சிறு தொழில் வசதிக் கவுன்சிலில் மனு தாக்கல் செய்யலாம். கவுன்சில் முதலில் சமரசத்துக்கு அழைக்கும். அது தோற்றால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். மனுவோடு இணைக்க வேண்டியவை கையெழுத்தான ஒப்பந்தம், இன்வாய்ஸ்கள், இறுதி ஒப்படைப்பு மின்னஞ்சல், உத்யம் சான்றிதழ், நினைவூட்டல்கள். இவற்றைத் திட்டம் தொடங்கிய நாளிலேயே ஒரு தனிக் கோப்புறையில் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் நடந்த முக்கியமான உரையாடல்களை, போன் மாறுவதற்கு முன் ஏற்றுமதி செய்து அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள்.